செத்த பாய்லர் குடித்த கேஸ்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. டோரீன் ஹாக்ஸ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பில்லில் எண் மாறவில்லை. மூன்று மாத கேஸுக்கு!

கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. மார்ச் இருபத்து மூன்றாம் தேதிக்குள் கட்டாவிட்டால், காசு போட்டால்தான் கேஸ் வரும் மீட்டரை வைத்துவிடுவார்களாம். பழைய பாக்கியையும் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்களாம்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், மேலொன்று கீழொன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீட்டில் கீழ்ப்பகுதி அவளுடையது. அறைகளையும் தண்ணீரையும் சூடாக்க ஒரு கேஸ் பாய்லர். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்குத் தினமும் உருளைக்கிழங்கு மசிக்கிறவள். வாழ்நாளில் ஒரு பில்லுக்கும் தவணை தவறியதில்லை.

கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் பியானோ இசை கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க பாய்லர்ல பிரச்சினைன்னு குறிப்புல இருக்கு, மேடம். பழுதான பாய்லர் கேஸ ரொம்ப இழுக்கும்."

"கண்ணு, என் பாய்லர் இழுக்கல. படுத்துத் தூங்கிச்சு. ஜனவரில பத்தொம்பது நாள் அது எரியவே இல்ல. ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கையில இருக்கு. அந்தப் பத்தொம்பது நாள்லயும் உங்க மீட்டர் நல்லா ஓடியிருக்கே! செத்துக் கிடந்த பாய்லர் எப்பிடிம்மா கேஸ் குடிக்கும்?"

எதிர்முனையில் காகிதம் புரளும் ஓசை.

"அடுப்பு உபயோகிச்சிருப்பீங்க."

"ஒருத்திக்குப் பத்தொம்பது நாள் முட்டை வேகவைக்க முந்நூறு பவுண்டா? எந்த ஊர்க் கோழிம்மா அது?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. புகாரைப் பதிவு செய்வதாகச் சொன்னாள். தேதியை மட்டும் தள்ளிவைக்க முடியாது என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டோரீன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். பாய்லர் ஓடிய நாளிலும் பில்லுக்குப் பயந்து அணைத்தே வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் மேல் வீட்டில் போய்க் குளித்துவிட்டு வருவாள். மேலே கிரெய்க்கும் அவன் மனைவி லியானும் மூன்று மாதக் குழந்தையும். கிரெய்க் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன்.

"தாராளமா குளிங்க, டோரீன். எங்க கேஸ் பில் மாசம் நாப்பத்தொரு பவுண்டுதான். சிக்கனம்னா என்னன்னு நான் வகுப்பே எடுக்கலாம்" என்பான்.

வகுப்பெடுக்கிற வீட்டின் ஜன்னல்கள் ஜனவரியிலும் பாதி திறந்திருக்கும். உள்ளே அவ்வளவு கதகதப்பு. டோரீன் அதைப்பற்றி அப்போது யோசிக்கவில்லை. சூடான தண்ணீரில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசனை வருமா?

மார்ச் பதினெட்டாம் தேதி புதன்கிழமை ரிப்பேர்காரர் கெட் வந்தார். ஆறாவது தடவை. வீட்டுக்காரர் அனுப்புகிற ஆள். தொப்பைக்கு மேல் பெல்ட்டை இழுத்துவிட்டபடி பாய்லரின் மூடியைக் கழற்றினார்.

"இந்தத் தடவை புது பம்ப் கொண்டாந்திருக்கேன். இனிமே இது நம்மள விட அதிக நாள் இருக்கும்."

"போன தடவையும் அதத்தான் சொன்னீங்க, கெட்."

"போன தடவை மனசாரச் சொல்லல." பாய்லருக்குப் போகும் கேஸ் குழாயை அடைத்தார். "அடுப்பு எதுவும் எரியலையே? மீட்டர்ல ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. எங்கயாவது கசிஞ்சா நம்பர் நகரும்."

மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரி. அதில் இரண்டு மீட்டர்கள். பில்லிலிருந்த நம்பரைச் சரிபார்த்து, தன்னுடையதின் முன் டோரீன் குனிந்தாள்.

கடைசி எண் உருண்டுகொண்டிருந்தது. அவள் கண்ணெதிரிலேயே ஏழு எட்டாயிற்று.

"கெட்! இங்க வாங்க!"

கெட் வந்து பார்த்தார். மோந்து பார்த்தார். கசிவு இல்லை. தாடையைச் சொறிந்தார். பிறகு அந்த மீட்டரின் பிடியைத் திருகி மூடினார்.

இரண்டு விநாடி. மேலேயிருந்து லியானின் குரல் கிளம்பியது.

"கிரெய்க்! தண்ணி ஐஸா வருது! புள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன், என்னத்தடா பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல! சோபாலதான் உக்காந்திருக்கேன்!"

"அதத்தான்டா சொல்றேன்!"

கெட் பிடியைத் திறந்துவிட்டு டோரீனைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னால மீட்டர் மாத்த ஆள் வந்தான்ல? நம்பர மாத்தி எழுதிட்டுப் போயிருக்கான். மேல் வீட்டு கேஸுக்கு நீங்க காசு கட்டுறீங்க. உங்களோடதுக்கு அவங்க. இந்த மாதிரி நான் பாக்குற நாலாவது வீடு இது."

"அப்போ நான் மேல போய்க் குளிச்சதெல்லாம்..."

"உங்க சொந்தக் காசுதான். நன்றி வேற சொல்லியிருப்பீங்க."

"கேக் செஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன், கெட்."

ஜெயித்துவிட்டோம் என்று குதித்திருக்க வேண்டும். டோரீனுக்கு ஏனோ குதிக்கத் தோன்றவில்லை. அவள் தலையிலிருந்து இறங்கும் சுமை யார் தலையில் ஏறும் என்று தெரியாதா என்ன?

சாயங்காலம் மேலே போய், நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். கிரெய்க் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. குளிர்காலம் பூராவும் இரவு பகலாகச் சூடு ஓடிய வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"வீடு வாங்க பேங்க்ல கடன் கேட்டிருக்கோம், டோரீன். மாசச் செலவுன்னு கேஸுக்கு நாப்பத்தொண்ணுதான் எழுதிக் கொடுத்திருக்கேன். முப்பதாம் தேதி பதில் வரும். இப்போ போய் ஆயிரம் பவுண்டு பாக்கின்னு வந்தா..."

"பன்னெண்டு நாள்தானே?" என்றாள் லியான். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "முப்பதுக்கு அப்புறம் சொல்லுங்களேன். எங்க குளியலறைய எத்தனை வாட்டி திறந்து விட்டிருக்கோம்!"

"இருபத்து மூணுக்கு எனக்குக் காசு மீட்டர் மாட்டிருவாங்க, கண்ணு."

"எங்களுக்கு வீடே போயிரும்!"

டோரீன் கதவுப் பிடியில் கையை வைத்தாள்.

"உங்க முதுகுக்குப் பின்னால போன் போட மாட்டேன். ஆனா தெரிஞ்சதத் தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நாலு மணிக்குப் பேசப்போறேன். உங்களுக்கு என்ன செய்யணுமோ அதுக்குள்ள செஞ்சுக்கங்க."

கதவு டோரீனுக்குப் பின்னால் சற்று வேகமாகவே சாத்தப்பட்டது.

அன்றிரவு புது பம்ப்புடன் பாய்லர் சமர்த்தாக ஓடியது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சுட்டன. டோரீன் பழக்கதோஷத்தில் இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து வியர்த்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிரெய்க் வந்து கதவைத் தட்டினான். வேன் சீருடை, தோளில் குழந்தை, முகத்தில் தூக்கமில்லை.

"பேங்க்ல நானே பேசிட்டேன். உள்ளதச் சொன்னேன். புதுக் கணக்கு வந்ததும் அனுப்பச் சொல்லியிருக்காங்க, மறுபடி பாக்குறாங்களாம். முடியாதுன்னு சொல்லல. சரின்னும் சொல்லல."

"லியான்?"

"உங்க மேல கோவமா இருக்கா. என் மேலயும்தான். நான் நாப்பத்தொண்ணுன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சது அவளுக்கு இன்னும் பெரிய கோவம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "போடுங்க போன."

பியானோ இசை ஒலித்தது. டோரீன் டீ போட்டாள். குழந்தை விரலைச் சப்பியது. அரைமணி நேரம் கழித்து ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் வந்தது. டோரீன் இரண்டு மீட்டர் நம்பரையும் படித்தாள். கெட் எழுதிக் கொடுத்த சீட்டையும் படித்தாள். தட்டச்சு ஓசை. பெருமூச்சு.

"ஆமா மேடம், நம்பர் மாறித்தான் இருக்கு. மன்னிக்கணும். உங்க பில்ல நிறுத்திட்டேன். காசு மீட்டர் வைக்க ஆள் வராது. நீங்க கூடுதலாக் கட்டினது திரும்ப வரும்."

டோரீன் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். முடிந்தது.

"மேல் வீட்டுக் கணக்குக்குப் புது பில் அனுப்புவோம். கடைசி பன்னெண்டு மாசத்துக்கு. அவங்க இதுவரைக்கும் கட்டினது போக சுமாரா ஆயிரத்து நூறு வரும். பதினாலு நாள்ல கட்டணும்."

கிரெய்க் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

டோரீன் டீக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். ஸ்வெட்டர் கையை மேலே மடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அழுகின தக்காளி கொண்டுவருகிற வண்டிக்காரனிடம் பேசுகிற குரல் வந்தது.

"தம்பி, போன வச்சிடாதீங்க. மீட்டர் நம்பர மாத்தி எழுதினது யாரு?"

"அது... எங்க ஆள்தான், மேடம்."

"மேல் வீட்டுப் பையன் எழுதலையே?"

"இல்ல."

"அப்போ ரெண்டு வருஷமா தப்பான பில் அனுப்பிட்டு, பதினாலு நாள்ல கட்டுன்னா அது எந்த நியாயம்? புகார் ஒண்ணு புதுசாப் பதிவு பண்ணுங்க. எழுதிக்கங்க. பேரு டோரீன் ஹாக்ஸ்பி."

"உங்க புகார்தான் முடிஞ்சுதே, மேடம்?"

"என்னோடது முடிஞ்சுது. இது மேல் வீட்டுது. அவன் பக்கத்துலதான் இருக்கான், சம்மதமான்னு கேட்டுக்கங்க." போனை கிரெய்க்கின் வாய்க்கு நேராக நீட்டினாள். "சொல்லுடா."

கிரெய்க் தொண்டையைச் செருமினான்.

"சம்மதம்" என்றான்.