செராஃபீன் வந்த வழி

படத்தில் பசுவின் வயிற்றுப் பகுதியை மூன்றாவது தடவையாகச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்துகொண்டிருந்தார் செராஃபீன். வயிற்றில் ஒரு குறையும் இல்லை. படம் முடிந்தால் மகள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஃப்ளாண்டர்ஸ் முழுக்கப் பண்ணை பண்ணையாக நடந்து, ஆடு மாடு வரைந்தே தலை நரைத்த மனிதர். பண்ணைக்காரர்களின் ஆசை அவருக்கு அத்துப்படி. முதுகு மேஜை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும், மடி தரையைத் தொட வேண்டும், கால் மட்டும் ஒல்லியாக. பெண்டாட்டியை வரைந்து கொடு என்று கேட்டவன் ஒருத்தனும் கிடையாது. அவரும் லேசுப்பட்டவரில்லை. மனைவி காய்ச்சலில் கிடந்தபோது எங்கேயோ ஒரு பிரபுவின் காளைக்குக் கொம்பு வரைந்துகொண்டிருந்தார். சேதி கிடைத்து ஓடி வந்தபோது மண் மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரே மகள் கொலெட்டா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில்தான் அவளாகவே ஆள் சொல்லி அனுப்பினாள். சொந்தமாக வாங்கிய முதல் பசு, நிறைசினை, வந்து வரைந்து கொடுங்கள் என்று. கையிலிருந்த வேலையை முடித்த கையோடு நடந்தே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகத் தொழுவத்துக்குள் நுழைந்து பசுவைத் தடவிப் பார்த்தார். எந்த மாட்டையும் அப்படித் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு வரைய வராது. தாடை, கழுத்துத் தொங்கல், விலா என்று உள்ளங்கை போக, பசு அவர் கோட்டில் மூக்கைத் தேய்த்தது, கையை நக்கியது. கதவோரம் நின்ற கொலெட்டா, “அம்மாவ இப்படி ஒருநாளாவது தொட்டுப் பாத்திருப்பீங்களா?” என்றாள். ஆனாலும் அன்று இரவு மோர்க்கஞ்சியில் அவருக்கு மட்டும் கூடுதலாகப் பாகு ஊற்றினாள். சாப்பிட்டதும் மாப்பிள்ளை ஃபிடேல் தூங்கப் போய்விட, இவர் போன இடத்துக் கதைகளையெல்லாம் சொன்னார். ஸோமர்ஹெம்மில் தன்னைக் குட்டையில் தள்ளிய காளை, மெரெண்ட்ரேயில் இரட்டைக் கன்று போட்ட பசு, நெவெலேயில் படத்தைப் பார்த்து மிரண்ட வெள்ளை மாடு. கொலெட்டா வாய்விட்டுச் சிரித்தாள். கிழவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் ஓடியதே தெரியவில்லை.

இன்று சந்தைக்குப் போன ஃபிடேல் மதியத்துக்குள்ளேயே திரும்பி வந்தான். சந்தையில் ஒரு மாடுகூட இல்லையாம். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கிற வெக்கை நோய் வந்துவிட்டதாம். கொலெட்டா தொழுவத்தில் அப்பாவுக்கு ரொட்டி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல ஸோமர்ஹெம்ல விழுந்துச்சாம் மாமா. அடுத்து மெரெண்ட்ரே. இப்ப நெவெலே. கொட்டில்ல நின்னதையெல்லாம் சுட்டு, குழியில தள்ளி சுண்ணாம்பு போட்டுட்டாங்க. நடுவுல இருக்கற பண்ணைங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏதோ மனுஷன் நடந்து போன மாதிரில்ல போயிருக்கு?”

அவன் யதார்த்தமாகத்தான் சொன்னான். கொலெட்டா தட்டை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

“நீங்க சொன்ன வரிசைதானப்பா,” என்றாள் மெதுவாக.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். குனிந்து, தான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். காய்ந்து வெளுத்த எச்சில் தடங்களில் எது எந்தப் பண்ணை மாட்டுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

“ஆமாம்மா.”

பசு காலையிலிருந்து வைக்கோலில் வாய் வைக்கவில்லை. கன்று போடும் நேரம் நெருங்கிவிட்டது என்றுதான் கொலெட்டா நினைத்திருந்தாள். ஃபிடேல் கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். கன்று பிறக்கிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். ஊர் மாடெல்லாம் ஒரே ஓடையில்தானே தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனான். இருட்டுவதற்குள் துப்பாக்கியோடு வந்துவிடுவார்கள்.

செராஃபீன் வண்ணப் பெட்டியை மூடினார். நான் கிளம்புகிறேன் என்றார்.

“எங்க போவீங்க? இன்னும் எத்தனை தொழுவம் பாக்கியிருக்கு?”

அவள் வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்துவந்து நீட்டினாள். கோட்டைக் கழற்றி அதன் முனையில் போட்டார். முற்றத்தில் அது எரிகிற நாற்றம் வந்தது. திரும்பி வந்தவள் முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க. படம் இன்னும் முடியல.”

சட்டையோடு குளிரில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வயிறு முடிந்திருந்தது, கண் மட்டும்தான் பாக்கி. நிமிர்ந்து பார்த்தால், பசுவின் கண்ணிலிருந்து நீர் வடிந்து சிவப்பு ரோமத்தில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. முடியவில்லை அம்மா என்றார்.

கொலெட்டா பசுவின் தலைமாட்டுக்குப் போனாள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியின் நுனியை எடுத்து அந்தக் கண்ணைத் துடைத்தாள்.

“இப்பப் பாத்து வரைங்க.”

தூரிகையை அவர் கறுப்பில் தொட்டு எடுப்பதற்குள் பசுவின் கண் மறுபடி நிறைந்துவிட்டது. மறுபடி துடைத்தாள்.