குங்குமம் பட்ட டிரைவ்

“எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சீங்களே, இதுக்கு மட்டும் ஏம்மா வெக்கல?”

ஆயுத பூஜையன்று பொரி வாங்கக் கம்பெனிக்கு வந்த சிறுமி தென்றல், அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை பார்க்கும் தன் அம்மா கனகத்திடம், கம்ப்யூட்டரைக் காட்டி இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பொரியைக் கொறித்தபடி போய்விட்டாள். கேள்வி மட்டும் கனகத்தின் மனத்தில் தங்கிவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையிலிருந்து, பூஜை முடிந்தபின் பழுது பார்க்க வந்த ரகுபதிக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பென்னலூர் ஸ்பிரிங் கம்பெனியில், அவனே கொண்டுவந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டரில், அதை எழுப்பும் டாஸ் ஏற மாட்டேன் என்கிறது. ஃப்ளாப்பியைச் சொருகினால் கர்கர் என்று சத்தம். பாதியில் நின்று, படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து. மறுபடி போட்டால் வேறோர் இடத்தில் நிற்கிறது. மெமரி சிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி உட்கார வைத்தான். கேபிளைக் கழற்றி மாட்டினான். மின்சாரம் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரி, கம்ப்யூட்டர் மட்டும் சரியில்லை.

“இன்னாய்யா, விக்கறப்ப ஓடிச்சு, இங்க வந்து தூங்குதா?” என்றார் மானேஜர் வரதராஜுலு.

“பாத்துக்கினு இருக்கேன் சார்.”

“நல்லா பாரு. பூஜை அன்னிக்கி எவனோ கைய வெச்சிருக்கான். கம்ப்யூட்டரத் தொடாதீங்கன்னு தொண்ட கிழியச் சொன்னேன். யாருன்னு மட்டும் தெரியட்டும், நாளைக்கி கேட்டத் தாண்ட மாட்டான்.”

அவர் ஸ்டோர் பக்கம் போனதும் ரகுபதி, ஃப்ளாப்பி சொருகும் டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தான். ஃப்ளாப்பியைப் படிக்கும் தலை சிவந்திருந்தது. உள்ளே கிடந்த ஃப்ளாப்பியிலும் சிவப்பாய் ஒரு வட்டக் கீறல். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டு முகர்ந்தான். குங்குமம்.

“டீ, சார்.”

கனகம் நின்றிருந்தாள். அவள் கண் பஞ்சின் மேல் விழுந்தது. டம்ளர் ஆடி, டீ அவள் கையிலேயே சிந்தியது.

“நான்தான் சார் வெச்சேன். கொயந்த கேட்டுட்டா. நெத்தி எதுன்னு தெரியல. வாய் மாதிரி தொறந்து கீதே, அதுக்கு மேல வெச்சேன். அப்புறம் பயந்துகினு தொடச்சிட்டேன். உள்ள வுயுந்திருக்கும்னு நெனக்கவேயில்ல.” குரல் இறங்கியது. “சொல்லிடுவீங்களா சார்? வூட்டுல அவருக்கு ஒடம்பு முடியல. வவுத்துப் பொழப்பு சார்.”

வவுத்துப் பொழப்பு. ரகுபதி நிமிர்ந்தான். அந்தக் குரலை அவன் கேட்டிருக்கிறான்.

மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கு மறுநாள். பஸ் ஓடவில்லை. யாரைக் கண்டாலும் எல்லோருக்கும் சந்தேகம். ஒயரும் போர்டும் நிறைந்த பையோடு தண்டலத்திலிருந்து நடந்து வந்தவனைப் பென்னலூர் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் மடக்கிக்கொண்டார்கள். ஒயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: “வுடுங்கய்யா! கம்பெனிக்கு மெஷின் பாக்க வர்ற ஆளு. வவுத்துப் பொழப்புக்கு வந்தவனப் போயி அடிக்கிறீங்களே!” அவன் அதுவரை அந்த ஊர்க் கம்பெனி எதிலும் கால் வைத்ததில்லை. ஆனாலும் கைகள் விலகின. அவன் ஓடினான்; உயிர்பயத்தில் திரும்பி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை.

அன்று அடிபட்டவன் தான்தான் என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. சொன்னால் அவள் கைம்மாறு கேட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது.

“கைல தண்ணி ஊத்திக்கோம்மா, கொப்புளிக்கும். போ, நான் பாத்துக்கறேன்” என்றான்.

அவள் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டிரைவின் தலை பளிச்சென்று ஆகும்வரை துடைத்தான். கீறல் விழுந்த ஃப்ளாப்பியை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்த வேறொன்றைப் போட்டான். இந்தத் தடவை கர்கர் இல்லை. எழுத்துகள் திரையில் தடங்கலின்றி ஓடின.

வரதராஜுலு வந்து எட்டிப் பார்த்தார். “எவன் வேல?”

“என் தப்பு சார். பழைய டிரைவு. இறக்கினதும் தொறந்து பாத்து, ஃப்ளாப்பியப் போட்டிருக்கணும். பாக்காமப் போட்டுட்டேன். தலைல அழுக்கு.”

“உன் தப்பா? அத காலைலயே சொல்றதுக்கென்ன? அடுத்த தபா வேற ஆள அனுப்பச் சொல்றேன் உங்க ஓனரான்ட.”

“சரி சார்.”

ஓனரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வெளியே வந்தான். கனகம் பின்கட்டில் பெருக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

வேப்பமரத்தடியில் யாருமில்லை. சட்டைப் பையிலிருந்து சிவந்த பஞ்சை எடுத்தான். சாமிக்கு வைத்த குங்குமம். குப்பையில் எறிய மனம் வரவில்லை. மரத்தடி மண்ணைக் கையால் கிளறி, பஞ்சை உள்ளே வைத்து மூடினான். விரலில் ஒட்டியிருந்த சிவப்பை நெற்றியில் இட்டுக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனான்.