எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர்

கூட்டுச் சேர வந்த மனிதர் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்றார். அங்கேதான் பெட்டிக்காரம்மாவுக்கு உறுத்தியது.

பதினாறு வருடமாக அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறவள் அவள். செருப்புக் கம்பெனி ஒன்று மாதம் இருபதாயிரம் பெட்டி கேட்டிருந்தது. அவளிடம் இருந்த ஒற்றை மெஷின் முக்கி முனகினாலும் பாதியைத் தாண்டாது. மீதியைச் செய்து தர இன்னொரு பட்டறை வேண்டும். அப்படித்தான் இவர் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பத்தாயிரம் பெட்டி, பத்து நாள்ல முடியுமா?"

"சரிங்க."

"எட்டு நாள்ல?"

"செஞ்சிடலாங்க."

அவள் வேண்டுமென்றே, "மூணு நாள்?" என்றாள்.

"அதுக்கென்னங்க," என்றார் அவர், நெற்றியைக்கூடச் சுருக்காமல்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஈரத்தில் ஒட்டிய பசை காயவே இரண்டு நாள் ஆகும்.

அவர் போனதும் கணவர், "தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல," என்றார்.

"அதாங்க எனக்கு இடிக்குது. மூணு நாள்ல முடியாதுன்னு தெரியலன்னா அவருக்குத் தொழில் தெரியல. தெரிஞ்சே சொன்னார்னா பொய் சொல்றார். ரெண்டுல எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். என்னையே ரெண்டு வருஷம் விசாரிச்சுட்டுதானே கட்டிக்கிட்ட."

"விசாரிச்சதாலதான் கட்டிக்கிட்டேன்," என்றாள்.

மறுநாளே விசாரணையில் இறங்கினாள். அந்தப் பட்டறையில் பெட்டி வாங்கும் மருந்துக் கம்பெனிக்காரர், "அவர் சொல்ற தேதிய மட்டும் நம்பாதீங்க. பெட்டி சுத்தமா இருக்கும்," என்றார். இது என்ன கணக்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரு பட்டறைக்கும் அட்டை விற்கிறவரிடம் கேட்டபோது இன்னும் குழம்பியது.

"போன வாரம் அங்கேருந்து ஒரு பொம்பள வந்து உங்களப் பத்தி துருவித் துருவிக் கேட்டாங்களே."

"என்ன கேட்டாங்க?"

"நீங்க எந்த அட்டை வாங்குறீங்க, பசை யார்கிட்ட வாங்குறீங்கன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. முன்னால் சிரிப்பைக் காட்டிவிட்டுப் பின்னால் ஆளைவிட்டு வேவு பார்க்கிறாரா? அன்று பிற்பகலே, சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பட்டறைக்குப் போய் நின்றாள்.

அவர் இல்லை. இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே தள்ளி ஒரு மேசையில், இரும்பு ஸ்கேலும் கையுமாக ஒரு பெண். மேசை மேல் கிழித்துப் பரப்பியிருந்தவை பெட்டிக்காரம்மாவின் பெட்டிகள். சோப்புக் கம்பெனிக்கு அவள் செய்து கொடுத்தவை.

"எங்க பெட்டி இங்க எப்படி வந்துச்சு?"

அந்தப் பெண் பதறவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கடையில சோப்பு வாங்கினேன்க்கா. நான் அவரோட தங்கச்சி. அண்ணன் எல்லாருக்கும் சரின்னு சொல்லிட்டு வந்துடுவாரு. செய்யப்போறது நான்தானே. யார்கூடச் சேர்றோம்னு பார்க்க வேண்டாமா?"

"பத்தாயிரம் மூணு நாள்ல தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"பசை காயறதுக்குள்ள அடுக்கியா அனுப்பறது? பதினொரு நாள் ஆகும். மழை விட்டா பத்து." பிறகு ஒரு பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "மூலைய இழுத்துப் பாருங்க."

இழுத்தாள். அப்பளம் மாதிரி கையோடு வந்தது.

"ஒட்டினது புது ஆளு," என்றாள் பெட்டிக்காரம்மா.

தங்கை இன்னொரு பெட்டியின் மூலையை இழுத்தாள். அதுவும் கையோடு வந்தது. பெட்டிக்காரம்மாவுக்குக் காது சூடேறியது. ஊரையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவள், இப்போது தன் வாயால் பொய் சொல்கிறாள்.

"ஆள் மேல தப்பில்ல," என்றாள் கடைசியில். "பசை விலை ஏறிடுச்சு. தண்ணி சேர்க்கச் சொன்னது நான்தான்."

தங்கை ஸ்கேலைக் கீழே வைத்தாள். "இப்பதான்க்கா உங்ககூடப் பேசலாம்னு தோணுது. ஆனா இன்னும் நம்பல."

"நானும்தான்."

இருவரும் இரண்டே நிபந்தனை பேசினார்கள். தேதி சொல்வது தங்கை மட்டும். பசை இரண்டு பட்டறைக்கும் ஒரே இடத்தில், தங்கையின் கண்ணெதிரே கலக்கப்படும். பேசி முடிக்கும்போது அண்ணன் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சுங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைமேல் இருந்த சுமை இறங்கியதுபோல் இருந்தது அவர் குரல்.

முதல் சரக்கு பன்னிரண்டாம் நாள் வந்தது. ஒரு நாள் பிந்தும் என்று தங்கை முன்கூட்டியே போன் செய்திருந்தாள். அப்படியும் பெட்டிக்காரம்மா கட்டுக்கு ஒரு பெட்டி எடுத்து மூலையைப் பிய்த்துப் பார்த்தாள். ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

அடுத்த மாதம் அதைப் பத்துக் கட்டுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டாள். அதற்கு மேல் குறைக்கவில்லை.