தலையை மட்டும் ஆட்டு

தம்பியின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்டவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவன் அதைப் போட்டவனில்லை.

சுவரோரம் அவனுடைய கூட்டாளி குந்தியிருந்தான். துணிக்கிடங்கில் இருவரும் சேர்ந்து மூட்டை தூக்கியவர்கள்.

"குடிச்சுட்டு லிப்ட் குழிக்குள்ள விழுந்தான்னு மேஸ்திரி ஊரெல்லாம் சொல்றாரு. நீயும் அதான் சொல்றியா?"

"என்னைய கேக்காதக்கா. வாயத் தொறந்தா வேல போயிடும். புள்ளகுட்டிக்காரன்."

ஒரு சொட்டு தொட்டவனில்லை தம்பி. அவனுக்கு இருந்த ஒரே போதை புதிர் போடுவதுதான். பூட்டின வீட்டுக்குள் தினமும் போய் அழுதுவிட்டு வருகிறாள் ஒருத்தி, திருடியுமில்லை, சொந்தமுமில்லை, ஏன் என்பான். கேள்வி எத்தனையும் கேட்கலாம். பதில் ஆமா, இல்லை மட்டும். வெங்காயம் நறுக்கும் சமையல்காரி என்று அக்காதான் கண்டுபிடிப்பாள். கூட்டாளி தோற்றுப்போய் அசடு வழிவான்.

"வாயத் தொறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு. அவன் ஆட்டம்தான். பொய் சொல்லக்கூடாது. குடிச்சிருந்தானா?"

இல்லை என்று ஆட்டினான்.

"லிப்ட் பழுதா?"

ஆமாம்.

"கதவுல பழுதுன்னு பலகை தொங்குச்சா?"

தலை மேலும் கீழும் ஆடியது; உடனே பக்கவாட்டிலும் ஆடியது. இரண்டு பதிலும் வந்தால் கேள்வியை இரண்டாக வெட்ட வேண்டும். அவளுக்குத் தெரியும்.

"காலையில தொங்குச்சு. அவன் வந்தப்ப இல்ல. அப்படித்தானே?"

ஆமாம்.

"அன்னைக்கு சரக்கு வாங்குறவங்க வராங்கன்னு தம்பி சொல்லிட்டுப் போனான். அவங்க பலகையப் பாத்தா அசிங்கம்னு மேஸ்திரி எடுக்கச் சொன்னாரா?"

ஆமாம்.

"அவரே எடுத்தாரா?"

இல்லை.

அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். அவன் அவற்றை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"நீயா?"

தலை கீழே போனது. மேலே வரவில்லை.

"சரி. கடைசிக் கேள்வி. அவன் குடிக்கலன்னு மேஸ்திரி முன்னாடி வந்து இதே தலைய ஆட்டுவியா?"

அந்தத் தலை அசையவே இல்லை. ஆமாவுமில்லை, இல்லையுமில்லை. தம்பியின் ஆட்டத்தில் அப்படியொரு பதில் கிடையாது.

வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பியைக் கிடத்திய பெட்டியின் மூலைகளை மூன்று பேர் பிடித்தார்கள். நான்காவது மூலைக்குக் கூட்டாளி எழுந்து வந்தான்.

"கைய எடு."

குனிந்து அந்த மூலையை அவளே பிடித்தாள். தூக்கியதும் பெட்டி அவள் பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற மூவரின் மட்டத்துக்கு உயர்த்தினாள்.