நாலு கால் ராக்கெட்டும் நின்றுபறக்கும் விமானமும்

தனுஷ்கோடி அண்ணாச்சி கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தார். "என்ன தாயி, ஏரோப்ளேன் விழுகுதா?"

"விழல அண்ணாச்சி. அந்தரத்துல நிக்கிது," என்றாள் மாரிசெல்வி.

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள் வேலை பார்க்கிறவள் அவள். இதுவரை, அடுத்தவர் வரைந்த கிளிக்கும் ரோஜாவுக்கும் நிறம் ஏற்றியதோடு சரி. இந்தச் சீசனுக்கு அண்ணாச்சியின் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி புது ராக்கெட் இறக்குகிறது. குச்சி கிடையாது, நாலு கால் உண்டு. தரையில் நிறுத்தினால் நேரே மேலே போகும். இந்தப் படம் தேறினால், அவளே வரைந்த முதல் லேபிள் கடைக்கு வரும்.

மூத்த ஓவியர் முத்துக்கிருஷ்ணனும் ஒன்று வரைந்திருந்தார். ஓடுபாதையிலிருந்து சாய்வாகச் சீறி எழும் போர்விமானம். அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

"நான் வரைஞ்சது பிரிட்டன்காரன் செஞ்ச ஹேரியர் அண்ணாச்சி. எஞ்சின் ஒண்ணு, காத்தப் பீச்ச வாய் நாலு. நாலையும் கீழ திருப்புனா ஓடாமலே எந்திரிக்கும். அதுக்கு முந்தி றெக்கையே இல்லாம ஒண்ணு செஞ்சு பாத்தாக. நாலு கால், ரெண்டு ஜெட் எஞ்சின், மேல ஒரு ஆளு. பறக்கும் கட்டில்னே அதுக்குப் பேரு."

"கட்டிலோட போனவன அவன் பொண்டாட்டி தேடலையாக்கும்?"

"சிரிங்க. ரெண்டு லேபிளையும் ரெண்டு ராக்கெட் பெட்டில ஒட்டி, வெவரம் தெரியாத ஆளுககிட்ட குடுங்க. வாயத் தொறக்காதீக."

சாயங்காலம் ஊருக்கு வெளியே பொட்டலில் கூடினார்கள். முத்துக்கிருஷ்ணனின் படம் ஒட்டிய பெட்டி போனது, லோடு ஆட்டோ ஓட்டும் செல்லக்கனிக்கு. அவன் கை முதலில் காலி பாட்டிலைத்தான் தேடியது. ராக்கெட் என்றால் பாட்டில். இந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறு தோன்றுமா? கால்கள் பாட்டிலுக்குள் நுழையவில்லை. படத்தை ஒரு தடவை பார்த்தான். அதேபோல் கல்லில் சாய்த்துப் பற்றவைத்தான். ராக்கெட் தரையோடு சீறிக் கருவேலம் புதருக்குள் புகுந்தது. முந்தின நாள் மழையில் புதர் நனைந்திருந்ததால் புகையோடு போயிற்று.

அடுத்தது டீக்கடை சின்னத்தாய். மாரிசெல்வியின் படத்தைப் பார்த்தாள். "இது நின்ன வாக்குலேயே போவும்போல," என்று நாலு காலையும் தரையில் ஊன்றிப் பற்றவைத்துவிட்டு விலகினாள். கோடு பிடித்தது போல மேலே ஏறி, பச்சையாக விரிந்தது.

அண்ணாந்த தலையை இறக்காமலே முத்துக்கிருஷ்ணன் சொன்னார்: "இவ படத்தையே போடுங்க அண்ணாச்சி. என்னோடது சும்மா பறக்குது. இவளோடது எப்படி வைக்கணும்னு சொல்லுது."

"சரித்தான். ஓரமா ஒம் பேரப் போட்டுக்கிறியா தாயி?"

"போடாம? பக்கத்துலயே ஒரு பாட்டில வரைஞ்சு, குறுக்க கோடும் போட்டுர்றேன்," என்றாள் மாரிசெல்வி. "செல்லக்கனி அண்ணனுக்காக."