இந்த அறையில் இருப்பவர்கள் எல்லாரும் பத்திரம்

தாளாளர் குணசேகரன் தன் பெயருக்குப் பின்னால் 'ஆர்' விகுதியைத் தானே சேர்த்துக்கொண்டவர். வல்லத்திராக்கோட்டை போகிற வழியில் அவருடைய கல்லூரி இருந்தது. அதற்குப் பின்னால் அவருடைய மச்சினனின் கல் குவாரி இருந்தது. குவாரிக் கல்லில் கல்லூரி எழும்பியது. மிஞ்சிய கல்லில், உயிரோடிருக்கும்போதே, அவருக்கு ஒரு சிலையும் எழும்பியது.

எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்துக்குக் கணிதத் தர்க்கவியல் பாடம் வந்ததும் 'மாவட்டத்திலேயே முதன்முறையாக' என்று கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டினார். ஃபிளெக்ஸில் சொன்னதை விசாரிக்கும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. பாடம் எடுக்க வந்த உதயசூரியனிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"தர்க்கம்னா ரெண்டு அணி வேணுமே. நடுவர் யாருங்க?"

உதயசூரியன் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து 'டாக்டர்' போடாமல் ஒரு கொரியரைக்கூடக் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை. சம்பளம் மட்டும் மணிக்கணக்கில். நிரந்தர வேலைக்கான ஆர்டர் அடுத்த மாதம் வந்துவிடும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய வகுப்பு மாடியில். நேர் மேலே மொட்டை மாடியில் விடுதிக்காகப் பிற்பாடு கட்டிய தண்ணீர்த் தொட்டி. கட்டும்போது இன்ஜினியரைக் கேட்கவில்லை, ஜோசியரைக் கேட்டார்கள். வகுப்பின் பீமில் ஒரு விரிசல் ஓடியது. மத்தியானம் குவாரியில் இரண்டு முறை சங்கு ஊதி வெடி வைக்கும்போது மேஜைமேல் சாக்பீஸ் தானாக உருளும். விரிசலிலிருந்து தூள் கொட்டி மூன்றாவது பெஞ்சு வெள்ளையாகும். அந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. தொட்டியை அரைக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது; யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

"சார், வேற ரூம் கேளுங்க சார்," என்றாள் சரண்யா. குடுமியான்மலைப் பக்கத்துப் பெண். வகுப்பில் கேள்வி கேட்கும் ஒரே ஆள்.

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்மா." அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஆர்டரைப் பற்றி.

அன்றைக்குப் பாடம் வெற்று உண்மை. உதயசூரியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வகுப்புல இருக்கிற யானை எல்லாம் பச்சை நிறம். இந்த வாக்கியம் உண்மையா, பொய்யா?"

"யானையே இல்லையே சார்," என்றான் கடைசி பெஞ்சு அஜித்.

"அதனாலதான் உண்மை. பொய்னு நிரூபிக்கணும்னா, பச்சையா இல்லாத ஒரு யானையை நீ இங்க கொண்டாந்து நிறுத்தணும். நிறுத்த முடியுமா?"

"மாடிப்படி தாங்காது சார்."

வகுப்பு சிரித்தது. வெளியே ரவுண்ட்ஸ் வந்திருந்த குணசேகரனார் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் அசையாமல் நின்று யோசித்தார். சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க சார். யானை பிரமாதம். அடுத்த வாரம் அங்கீகாரம் குடுக்குற குழு வருதுல்ல, கட்டடம் பத்திரமான்னு கேப்பாங்க. 'ஆய்வு செய்த கட்டடங்கள் அனைத்தும் பாதுகாப்பானவை'ன்னு எழுதி வைக்கலாமா?"

"எந்தெந்தக் கட்டடத்தை ஆய்வு செஞ்சோம்?"

"ஒண்ணையும் செய்யலை. யானையே இல்ல."

உதயசூரியனுக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் அவர் நடத்திய பாடத்தைச் சொந்தமாக ஒரு புது இடத்தில் பொருத்திக் காட்டிய முதல் மாணவன் இவர்தான். பீம் ஞாபகத்துக்கு வந்தது, வராமல் இல்லை. ஆனால் புரிந்துகொள்ளப்பட்ட வாத்தியாருக்கு வேறெதுவும் அந்த நேரத்தில் காதில் ஏறாது.

"உண்மைதான் சார். 'செய்த' வேண்டாம், 'செய்யப்பட்ட'ன்னு போடுங்க. கம்பீரமா இருக்கும்."

"ஒங்க ஆர்டரைக் குழு முன்னாடியே கையில குடுக்குறேன். போயிட்டு வாங்க."

மறுநாள் கேட்டில் அந்த வாக்கியத்தோடு புது ஃபிளெக்ஸ். சரண்யா அதன் கீழே ரொம்ப நேரம் நின்றுவிட்டு மாடிக்கு வந்தாள்.

"சார், கேட்ல கட்டியிருக்கிறது யானைதானே?"

உதயசூரியன் போர்டில் ஏற்கெனவே அழித்திருந்த இடத்தையே மறுபடி அழித்தார்.

"வாக்கியம் சரியா இருக்கு சரண்யா."

"வாக்கியம் சரிதான் சார். பீம் எப்படி இருக்கு?"

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விரிசலைச் சுற்றி ஈரம் படர்ந்திருப்பது தெரிந்திருக்கும்.

குழு வரும் அன்று குழாயெல்லாம் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்று குணசேகரனார் உத்தரவு போட்டார். விடியற்காலையிலிருந்து மோட்டார் ஓடியது. தொட்டி முதன்முறையாக நிரம்பி வழிந்தது. குவாரிக்கு ஒரு நாள் லீவு விடச் சொல்லி மச்சினனுக்குப் போன் போட்டார், மச்சினன் எடுக்கவில்லை. இருவரும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தையில் இல்லை.

மாலை, சந்தனம், இளநீர், சிலைக்கு முன் ஒரு போட்டோ எல்லாம் முடிந்து குழு மாடியேறும்போது மத்தியானமாகிவிட்டது. தலைவர் ஒரு பெரிய பேராசிரியர். படியேறும்போதே கல்வியின் நோக்கம் பற்றிப் பேசினார். மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் கல்வி தப்பித்தது.

வகுப்பில் ஒரு ஆள்கூட இல்லை. போர்டில் சரண்யாவின் கையெழுத்தில் ஒரே வரி: 'இந்த அறையில் இருக்கும் மாணவர்கள் எல்லாரும் பத்திரம்.'

உதயசூரியன் ஜன்னலுக்கு ஓடினார். தூரத்தில் வேப்பமரத்தடியில் மொத்த வகுப்பும் நின்றது.

"மேல வாங்க."

"நாங்க வந்தா அந்த வரி பொய்யாயிரும் சார்," என்றாள் சரண்யா. சத்தம் போட்டுத்தான் சொன்னாள், ஆனால் குரலில் கோபம் இல்லை. "நீங்களும் இறங்கிருங்க சார்."

குணசேகரனாரின் முகம் கருத்தது. தலைவரோ போர்டைப் படித்துவிட்டு மலர்ந்துபோனார்.

"நல்ல வரி. பிள்ளைங்க இல்லாட்டி என்ன, நாங்களே மாணவர்களா உக்காருறோம். நீங்க பாடத்தை எடுங்க."

குழு உட்கார்ந்தது. காலையில் துடைத்துப் பளபளவென்று இருந்த பெஞ்சு ஒன்றுதான். மூன்றாவது பெஞ்சு. குணசேகரனாரும் பக்கத்திலேயே அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் சங்கு ஊதியது.

உதயசூரியன் அண்ணாந்து பார்த்தார். விரிசலின் ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, தலைவரின் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. தலைவர் பன்னீர் என்று நினைத்துத் தடவிக்கொண்டார்.

உதயசூரியன் டஸ்டரை எடுத்துப் போர்டில் இருந்த வரியை அழித்தார்.

"ஏங்க அழிக்கிறீங்க?" என்றார் தலைவர்.

"இப்ப உள்ள ஆள் இருக்குங்க சார்." டஸ்டரால் மேலே காட்டினார். "அந்த பீம் விட்டிருக்கு. மேல தொட்டி நிறையத் தண்ணி. இப்ப வெடி வைப்பாங்க. தயவுசெஞ்சு எல்லாரும் எந்திரிச்சு வெளிய வாங்க."

"எக்ஸாம்பிள் சொல்றாருங்க," என்றார் குணசேகரனார். "போன வாட்டி யானை."

"கருதுகோள் பிரமாதம்," என்றார் தலைவர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "முடிவு என்னன்னு சொல்லுங்க."

உதயசூரியன் வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு கால் வராந்தாவில் இருந்தது.

"எக்ஸாம்பிள் இல்லங்க. ஒரு கட்டடத்தையும் ஆய்வு செய்யலை. நான்தான் உண்மைன்னு சொன்னேன். வாங்க வெளிய."

குணசேகரனாரின் சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கவரை நீட்டினார்.

"பாடத்தை முடிச்சிட்டு இதை வாங்கிக்கங்க, டாக்டர் சார். இங்கிட்டு வந்து வாங்கணும்."

அந்த வாயிலிருந்து 'டாக்டர்' வருவது அதுவே முதல் தடவை. கவருக்கு நேர் மேலே இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

இரண்டாம் சங்கு ஊதியது.

"வாங்கய்யா," என்றார் உதயசூரியன். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் இறங்கினார். முதலில் மெதுவாக, பிறகு படி விட்டுப் படி தாவி. பின்னால் குழு கைதட்டும் சத்தம் கேட்டது.

மேஜைமேல் சாக்பீஸ் உருள ஆரம்பித்தது.