வான்பாயை இறக்கும் குரல்

கத்தினால் வந்துவிடும். ஒரே ஒரு தடவை கத்தினால் போதும். அது வந்தால் என் மகளும் வந்துவிடுவாள்.

மொட்டைமாடியில் நின்று அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வான்பாய் வட்டமிட்டது. விரித்த பாயைப் போல அகன்ற தோல்; கால்கள் கிடையாது. காற்றிலேயே தின்று, தூங்கி, குட்டியை முதுகில் சுமந்து வாழ்கிற உயிர். தரையைத் தொட்டால் மறுபடி எழும்ப முடியாது. தவறி விழுந்த குட்டி கத்தினால் மட்டும் தெரிந்தே இறங்கும்.

அவள் புகுந்த வீட்டின் பிழைப்பே அந்த இறக்கத்தில்தான். கீழே பட்டறையில் வான்பாய்த் தோலில் மழைக்கோட்டு தைத்தார்கள். குழந்தை அழுதால் வான்பாய்கள் மிரண்டு விலகிவிடுமாம். அதனால் பால்குடி மறக்காத மகளை வேட்டைப் பருவம் முடியும்வரை அம்மாவழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மாமியார்.

நேற்று மாடியில் விழுந்த குட்டி வாளிக்குள் கிடந்தது. தாய் கண்ணில் படுவதற்கு முன்பே கணவன் அவசரப்பட்டு, விடிந்ததிலிருந்து அதன் வாலைக் குறடால் திருகிக்கொண்டிருந்தான். அது கத்தக் கத்த அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. இதையும் நீயே வளர்த்துவிடு என்றான். தாய் வந்தபோது குட்டிக்குத் தொண்டை போய்விட்டிருந்தது. இப்போதும் திருகினான். வாய் மட்டும் திறந்தது.

குட்டியைத் தேற்ற நேற்று அவளும் அதைப் போலவே கத்திக் காட்டியதை மாமியார் கேட்டிருந்தார். எது குட்டி, எது மருமகள் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

"இந்த ஊமைக்கோட்டானுக்குள்ள இப்படி ஒரு தொண்டையான்னு நெனச்சேன். உன் வாய்க்கும் இந்த வீட்டுல ஒரு வேலை வந்துருச்சு. கத்து. இது இறங்கினா பருவத்தை முடிச்சுக்கலாம். நாளைக்கே போய் உன் பொண்ணைத் தூக்கிட்டு வா."

மகள் தவழத் தொடங்கியிருப்பாள். என் வாசனை நினைவிருக்குமா? அவள் மூச்சை இழுத்தாள். சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது.

மேலே வான்பாய் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. முதுகில் குட்டி படுத்திருந்த குழி காலியாகத் தெரிந்தது. என் குரலை நம்பி வரும். இந்த வீட்டில் என் குரலை நம்பி யார் வந்திருக்கிறார்கள்?

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கு அந்தக் குரல் வராது அத்தை."

"நேத்து வந்துச்சே?"

"நேத்து வந்துச்சு."

கணவன் குறடைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். மாமியார் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப உன் பொண்ணு அங்கேயே கிடக்கட்டும்."

அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். ஈரத்துணியை எடுத்துக் குட்டியின் மேல் போர்த்தினாள். அவள் சட்டை மறுபடி நனைந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும் அத்தை" என்றாள்.